பழைய யெஸ்டி பைக்ல மிகுனி கார்ப் (கார்புரேட்டர்) மாட்டினப்புறம் பெட்ரோல் ட்யூப் சேரல

ட்யூப் சேரல, 60 கிமீ வேகத்துக்கு மேல என்ஜின் அடைக்குதுன்னு கேட்டிருந்தீங்க. 8 எம்எம்-க்கு 6 எம்எம் பித்தளை ரெட்யூசர் ஜாயின்ட் (ஒரு பக்கம் பெருசு, மறுபக்கம் சின்னது) ஒண்ணு போடுங்க ப்ரோ, போதும். டேங்குக்குக் கீழ இருக்கற பெட்ரோல் டேப் பக்கம் 8 எம்எம், புது கார்ப் பக்கம் 6 எம்எம்னு அளவு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் 8 ட்யூபையே கிளிப் போட்டு இறுக்குனா மடிப்பு விழுந்து அந்த மடிப்பு வழியா சொட்டத்தான் செய்யும். பெங்களூர் ஜேசி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல கேட்டுப் பாருங்க, பிளாஸ்டிக் ஜாயின்ட் கொடுத்தா வாங்காதீங்க, என்ஜின் சூட்டுக்குப் பக்கத்துல அது வேணாம்.

60-க்கு மேல அடைக்குதுன்னு சொன்னது, பழைய ஜிகாவ் கார்புக்கு இருந்த நீள ட்யூபை வெட்டாம விட்டதாலன்னு நினைக்கிறேன். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானா இறங்கணும், ட்யூப் எங்கயாவது மேல வளைஞ்சு இறங்கினா அங்க காத்து நின்னுரும்.

செக் பண்ண:
1. என்ஜின் நல்லா ஆறட்டும், கார்ப் பக்கம் ட்யூபைக் கழட்டி பாட்டில்ல விட்டு டேப்பைத் திறங்க. ஒரு நிமிஷம் விடாம ஒரே சீரா கொட்டணும்.
2. கொஞ்ச நேரத்துல நூலா மெலிஞ்சா டேங்க் மூடியைத் திறங்க. உடனே வேகமா வந்தா மூடி ஓட்டைதான் அடைச்சிருக்கு, ஊசியால குத்தி விடுங்க.

ஒண்ணு மட்டும், இது சரியாகுற வரைக்கும் ஓசூர் ரோட்ல முறுக்காதீங்க. டூ ஸ்ட்ரோக், ஆயில் பெட்ரோலோடதான் போகுது, பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறைஞ்சு பிஸ்டன் பிடிச்சுக்கும். அப்புறம் கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ட்யூப் வேணாம், இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு விறைச்சுப் போகுது, நைட்ரைல் ரப்பர் ட்யூப் வாங்குங்க.