சிங்கப்பூரில் உள்ளூர் முட்டை தாராளமாகக் கிடைக்கிறது. உள்ளூர்க் கீரை ஏன் அவ்வளவு கிடைப்பதில்லை?

முதல் காரணம் மின்கட்டணம். அடுக்குப் பண்ணையில் சாய் சிம் கீரை வளர்க்க எல்இடி விளக்கும் குளிர்சாதனமும் தினமும் பல மணி நேரம் ஓட வேண்டும். மலேசியாவின் கேமரன் மலைக் கீரைக்கு வெயிலும் குளிரும் இலவசம். ஈரச்சந்தையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை எதற்குப் போகும்? முட்டைக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கோழித் தீவனம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதைத் தன்னிறைவு என்பது கொஞ்சம் அதிகம்தான்.

நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரிலேயே உற்பத்தி செய்வது என்று 2019இல் அறிவித்த இலக்கை 2025 நவம்பரில் அரசு மாற்றிவிட்டது. இப்போது 2035க்குள் காய்கறி, காளான், பயற்றுமுளை போன்ற நார்ச்சத்து உணவில் நாம் உண்பதில் 20 விழுக்காடு உள்ளூரில் விளைய வேண்டும். முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு.

அரிசிக்கு இருப்புதான் வழி. இறக்குமதியாளர் தம் மாத இறக்குமதியைப்போல் 2 மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். நம் பொன்னியும் இதில் அடக்கம்.