நடுராத்திரி சிக்னல்ல நிக்கணுமா?

கே: ராத்திரி ரெண்டு மணி, நாலு பக்கமும் ஒரு வண்டி இல்ல, சிக்னல் சிவப்பு, டைமர்ல 87 ஓடுது. நான் பைக்கை நிறுத்திட்டேன். பின்னாடி உக்காந்திருந்த ஃப்ரெண்டு "யாருக்குடா நஷ்டம், போடா"ன்னு ஒரே சிரிப்பு. ஃபிலாசஃபி இதுக்கு என்ன சார் சொல்லுது? — ஒரு வாசகர், சேலம்

ப: உங்க ஃப்ரெண்டு தனக்கே தெரியாம ஆக்ட் யுட்டிலிடேரியன், நீங்க ரூல் யுட்டிலிடேரியன். ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான், எல்லாருக்கும் சேத்துப் பாத்தா எதுல நல்லது அதிகமோ அதுவே சரின்னு இங்கிலாந்து ஃபிலாசஃபர் பெந்தாம் 1789லயே புக் போட்டுட்டாரு. பங்காளிச் சண்டை எங்கன்னா, அந்தக் கணக்கை இந்த ஒரு செயலுக்குப் போடறதா (ஆக்ட்), இல்ல எல்லாரும் கடைப்பிடிக்கிற விதிக்குப் போடறதா (ரூல்). ஆக்ட், ரூல்ங்கற இந்தப் பேருங்களை வச்சது அமெரிக்க ஃபிலாசஃபர் ரிச்சர்ட் பிராண்ட், 1959ல.

"ரோடு காலின்னா போலாம்"னு விதி வச்சோம்னு வைங்க, காலியான்னு பாத்துச் சொல்றது யாரு? தூக்கக் கலக்கத்துல வர்றவன், ரெண்டு பெக் போட்டவன், லைட் இல்லாம குறுக்க வர்ற சைக்கிளைக் கவனிக்காதவன், எல்லாருமே அப்புறம் "காலியாத்தான் சார் இருந்துச்சு"ம்பான். அதனால நின்னது சரிங்கறதுதான் என் கட்சி (ரெண்டு தடவ நானே நிக்காம போயிருக்கேன், ஆசிரியர் கண்ணுல இது படாம இருக்கணும்).

ஆனா ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல ப்ரொஃபசரா இருந்த ஆக்ட் கட்சிக்காரர் ஸ்மார்ட் 1956ல நல்லா மடக்கினாரு: மீறினாத்தான் நல்லதுன்னு நிச்சயமா தெரியுது, அப்பவும் விதியையே புடிச்சுட்டுத் தொங்கினா அது விதியைச் சாமியாக்கிக் கும்பிடறதுதானேன்னு. சரி, "ஆம்புலன்ஸ் தவிர", "பிரசவ வலி தவிர"ன்னு சேத்துக்கிட்டே போலாம்னா, கடைசியில அது ஆக்ட் பக்கமே வந்து நிக்கும்னு 1965ல டேவிட் லயன்ஸ்ங்கற ஃபிலாசஃபர் காட்டிட்டாரு. இதுக்கு எங்கிட்ட முழு பதில் இல்ல.

கே: அப்ப பேசாம ஆக்ட் கட்சியிலயே சேந்துடலாமே? — அதே வாசகர்

ப: அவசரப்படாதீங்க. மெக்ளாஸ்கிங்கற ஃபிலாசஃபர் 1957ல ஒரு ஷெரிஃப் (ஊர் போலீஸ் அதிகாரி) கதை சொன்னாரு. ஊர்ல கலவரம் வெடிக்கப் போகுது, பல உயிர் போயிடும், ஒரு அப்பாவி மேல பழியைப் போட்டா அடங்கிடும். ஆக்ட் கணக்கு "போடு"ங்குது. ஸ்மார்ட்டே பின்னாடி, ஆமா என் கொள்கைப்படி அப்படித்தான் வருது, எனக்கும் இது புடிக்கலன்னு ஒத்துக்கிட்டாரு, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

அமெரிக்க ஃபிலாசஃபர் ரால்ஸ் 1955லயே இதை வேற மாதிரி பாத்தாரு. தேவைப்பட்டா அப்பாவியைத் தண்டிக்கலாம்னு அதிகாரிங்களுக்குப் பவர் குடுத்து அதையே ஒரு ஏற்பாடாக்கினா என்ன ஆகும்? அதுக்கு "டெலிஷ்மென்ட்"னு பேரே வச்சாரு. ஜெயிலுக்குப் போறவன் தப்பு பண்ணினவனா, கலவரத்தை அடக்கப் புடிச்சவனான்னு யாருக்கும் தெரியாது, அடுத்து நம்ம வீட்டுக் கதவைத் தட்டுவாங்களோன்னு ஊரே முழிச்சுட்டுக் கிடக்கும். விதியாப் பாத்தாத்தான் இந்தப் பயம் கணக்குக்குள்ள வருது.

கே: நல்லது நடக்கும்னா பொய்யும் சொல்லலாம்னாரே, வள்ளுவர் ஆக்ட் ஆளா? — ஒரு வாசகி, மதுரை

ப: 292வது குறளை மட்டும் படிச்சா அப்படித்தான் தோணும், அதுலயும் "புரைதீர்ந்த நன்மை"ன்னு, அதாவது குத்தமே இல்லாத நன்மை வந்தாத்தான்னு, ஒரு பூட்டு போட்டிருக்காரு. ஷெரிஃப் கதைக்கு 328ஐ எடுங்க. எவ்வளவு பெரிய நன்மை வந்தாலும் சான்றோருக்குக் "கொன்றாகும் ஆக்கம் கடை", அதாவது கொன்னு வர்ற லாபம் கீழ்த்தரம்ங்கறாரு. அங்க கணக்குக்கே எடம் குடுக்கல.