கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் சேர்ப்புப் பண்பு ஏன் இல்லை?

கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் சேர்ப்புப் பண்பு உண்டு, கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் இல்லை என்று படித்தேன், காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று எண்களில் எந்த அடுத்தடுத்த இரண்டை அடைப்புக்குறிக்குள் வைத்து முதலில் செய்தாலும் விடை மாறாமல் இருப்பதே சேர்ப்புப் பண்பு. வகுப்பில் பெரும்பாலும் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டு, "சமம் அன்று" என்று எழுதிவிட்டு அடுத்த பண்புக்குப் போய்விடுவார்கள். விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் அங்கேயே புலப்படும்.

(20 − 8) − 5 = 7. அடைப்புக்குறியை நகர்த்தி 20 − (8 − 5) என்று எழுதினால் விடை 17. வேறுபாடு 10, அதாவது மூன்றாவது எண்ணான 5இன் இருமடங்கு. முதல் கணக்கில் 5 கழிக்கப்படுகிறது. இரண்டாவதிலோ, கழிக்கவேண்டிய 8இலிருந்தே 5 குறைந்துவிடுவதால், அந்த 5 நமக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. போகவேண்டிய 5 போகாமல், மேலும் ஒரு 5 வந்து சேர்ந்தால் வித்தியாசம் 10 ஆகத்தானே வேண்டும்? எந்த எண்களை எடுத்தாலும் இப்படித்தான். மூன்றாவது எண் 0 ஆக இருந்தால் மட்டுமே இரு விடைகளும் ஒன்றாகும். வகுத்தலில் வேறுபாடு மடங்காக வரும்: (48 ÷ 6) ÷ 2 = 4, ஆனால் 48 ÷ (6 ÷ 2) = 16. இரண்டாவது விடை முதலாவதைப் போல் 4 மடங்கு. அது மூன்றாவது எண்ணான 2இன் வர்க்கம்.

ஆகவே சிக்கல் முழுவதும் அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் அல்லது வகுத்தல் குறியில்தான் இருக்கிறது. முதலில் பார்த்த கழித்தல் கணக்கை 20 + (−8) + (−5) என்று குறை எண்களின் கூட்டலாக எழுதிவிட்டால், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் 7தான் வரும்.

சேர்ப்புப் பண்பை, எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்னும் பரிமாற்றுப் பண்போடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. இரண்டு எண்களின் சராசரி காண்பதை ஒரு செயலாக எடுத்துக்கொள்ளுங்கள். 4, 8 என்றாலும் 8, 4 என்றாலும் சராசரி 6தான், ஆகவே பரிமாற்றுப் பண்பு உண்டு. ஆனால் அந்த 6க்கும் 16க்கும் சராசரி 11. முதலில் 8க்கும் 16க்கும் சராசரி கண்டு, வரும் 12ஐ 4உடன் சேர்த்துப் பார்த்தால் 8. சேர்ப்புப் பண்பு இல்லை.

சிறு பிள்ளை 8 + 7ஐ 8 + (2 + 5) என்று பிரித்து, "பத்தும் ஐந்தும் பதினைந்து" என்று சொல்வது முழுக்க முழுக்கச் சேர்ப்புப் பண்புதான். பெயர்தான் அதற்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. கணினியில் கூட்டலுக்கே இந்தப் பண்பு சில வேளைகளில் தவறிவிடும். பைத்தான் என்னும் நிரல் மொழியில் (0.1 + 0.2) + 0.3 என்று கொடுத்தால் 0.6000000000000001 என்றும், 0.1 + (0.2 + 0.3) என்று கொடுத்தால் 0.6 என்றும் வரும். 0.1 போன்ற தசமங்களை இரும எண்களில் துல்லியமாக எழுத முடியாது. ஒவ்வொரு கூட்டலின் முடிவிலும் விடை முழுமையாக்கப்படுவதால், எதை முதலில் கூட்டினோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கம் மாறுகிறது. பணக் கணக்குக்கு நிரல் எழுதுவோர் பலர் தொகையைத் தசம ரூபாயாக வைக்காமல் முழு எண் பைசாவாக வைத்துக்கொள்வதற்கு இத்தகைய முழுமையாக்கல் பிழைகளே காரணம்.