பெர்ரி ஜூஸ் தினமும் குடித்தால் இதய அடைப்பு கரையுமா?

கரையாது. ஜூஸ் விற்கிறவனே சொல்கிறேன்.

வேலூரில் ஆஸ்பத்திரி பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர் ஸ்கேன் கவரோடு வந்து, "தம்பி, பையன் போன்ல பாத்துச் சொன்னான், பெர்ரி ஜூஸ் குடிச்சா அடைப்பு கரையுமாமே, இருக்கா?" என்றார். நியூட்ரிஷன் படிக்கும் என் மகள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவருக்கும் சொன்னேன்.

நாகப்பழம் தின்றால் நாக்கு நீலமாகிறதே, அந்தச் சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். ப்ளூபெர்ரியிலும் இருப்பது அதே வகைதான். ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்தால் குழாய் தளர்ந்து விரியும். அந்த வேலைக்கு இந்தச் சாயம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2019இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் உடல் பருமனோடு சர்க்கரை, பிபி தொல்லையும் எட்டிப்பார்க்கிற நிலையில் இருந்த 115 பேரை ஆறு மாதம் சோதித்தார்கள். தினம் 150 கிராம் ப்ளூபெர்ரிக்குச் சமமாகச் சாப்பிட்டவர்களுக்குக் குழாய் விரியும் திறன் கூடியது. பாதி அளவு சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிபி யாருக்கும் இறங்கவில்லை. குழாய் விரிவது வேறு, அடைப்பு கரைவது வேறு. அவர்கள் கொடுத்ததும் பழத்தை உலர்த்திய பொடி, ஜூஸ் இல்லை!

டப்பாவில் வரும் ஜூஸ் வேறு கதை. கிரான்பெர்ரி அப்படியே குடிக்க முடியாத புளிப்பு என்பதால் சர்க்கரையைக் கொட்டியிருப்பார்கள். 200 மில்லியில் 20 கிராமுக்குமேல் இருப்பது சாதாரணம். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வடிகட்டும்போது நாரும் தோலும் போய்விடுகின்றன, சாயம் அதிகம் இருப்பதே தோலில்தான். பழமாகவே தின்னுங்கள். ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் நாகப்பழம் வரும். உப்பு தூவித் தருவார்கள், பிபிகாரர்கள் அதை வேண்டாம் என்றுவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரான்பெர்ரி ஜூஸைத் தொடவேண்டாம். அதிகம் குடித்தால் மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வர வாய்ப்புண்டு. கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸுக்கு மாறுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் "அப்போ உங்கிட்ட என்னதான் குடிக்கிறது?" என்றார். சர்க்கரையும் உப்பும் போடாமல் ஒரு எலுமிச்சை ஜூஸ் போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தார்.