வேர்ட்பிரஸ் மூடப்படாது, உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: சென்னிமலையில் போர்வை, துண்டு வியாபாரம் செய்கிறோம். வெளியூர் ஆர்டர்களில் பாதி எங்கள் இணையதளம் வழியாகத்தான் வருகிறது. இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி, "வேர்ட்பிரஸ் மீது அமெரிக்காவில் வழக்கு நடக்கிறது, இலவச மென்பொருள் என்பதால் எப்போது வேண்டுமானாலும் மூடிவிடுவார்கள். எங்கள் சொந்த மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்" என்று சொல்லி 60,000 ரூபாய் கேட்கிறார். மாறத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பணத்தை நூல் வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு உண்மை. அதைக் காட்டி அவர் சொல்லும் முடிவுதான் பொய். வேர்ட்பிரஸை 2003இல் தொடங்கிய இருவரில் ஒருவர் மேட் முல்லன்வெக். அவருடைய நிறுவனம் ஆட்டோமேட்டிக். வேர்ட்பிரஸ் தளங்களுக்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்க சர்வரில் இடம், கொடுத்துச் சம்பாதிக்கும் இன்னொரு நிறுவனம் டபிள்யூபி எஞ்சின். வணிகப்பெயரைப் பயன்படுத்துவதற்கு வருமானத்தில் 8 சதவீதம் கொடு என்றது முதலாவது. முடியாது என்றது இரண்டாவது. 2024 செப்டம்பரில் சண்டை வெளியே வந்தது. அக்டோபர் 2இல் டபிள்யூபி எஞ்சின் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. வசதியான இரண்டு பேர் பங்குக்கு அடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மென்பொருளை நிறுத்தச் சொல்லி அங்கே எவரும் கேட்கவில்லை.

கேட்டாலும் நடக்காது. வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளியாகிறது. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உங்கள் சர்வரில் இருக்கும் பிரதியைத் திரும்பக் கொடு என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. வேர்ட்பிரஸ் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. பி2 என்ற மென்பொருளை எழுதியவர் அதைக் கவனிக்காமல் விட்டபோது, முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் அதே நிரலை எடுத்து மேலே கொண்டுபோனார்கள். உங்கள் தம்பியின் "சொந்த மென்பொருளை" அப்படி எடுத்து நடத்த யார் வருவார்கள்? அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் உங்கள் கடையின் கதவும் அன்றோடு சாத்தப்படும். இந்தச் சொந்த மென்பொருள்களில் பல, பெயர்ப்பலகை மாற்றிய வேர்ட்பிரஸ்தான் என்பது தனி வேடிக்கை.

இந்தச் சண்டையில் உங்களைத் தொடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று ஒரு பிளகின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள். பொருள் பக்கத்தில் போர்வையின் நீளம், அகலம், நூல் ரகம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால், அவற்றை இதை வைத்துச் செய்திருக்க வாய்ப்பு உண்டு. இதைப் பராமரிப்பது டபிள்யூபி எஞ்சின். 2024 அக்டோபர் 12 அன்று, வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பிளகின் பட்டியலில் இதற்கு இருந்த இடத்தையே முல்லன்வெக் தரப்பினர் எடுத்து, செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றி, தங்கள் பிரதியை வைத்துவிட்டார்கள். தானாக அப்டேட் ஆகும் தளங்களில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே பிளகின் மாறிப்போனது. டிசம்பர் 10 அன்று நீதிபதி இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் பழைய இடம் பழையவர்களிடம் திரும்பியது. இப்போது இரண்டும் தனித்தனியே கிடைக்கின்றன. உங்கள் நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பட்டியலைத் திறந்து, எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டில் எதுவானாலும் கவலை இல்லை. கட்டங்கள் சரியாகத் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருசேர இயக்காதீர்கள். பேக்கப் எடுக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாதீர்கள். அந்தப் பிளகினின் கட்டணப் பதிப்பை நேரடியாக வாங்கியவர்களுக்கு அப்டேட் அந்த நிறுவனத்திலிருந்தே வருவதால், இந்தக் கூத்து எதுவும் அவர்களைத் தொடவில்லை.

உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு இந்த மென்பொருளில் ஓடுகின்றன. அவை அப்டேட் வாங்கும் தளமோ முல்லன்வெக் என்ற தனிமனிதரின் சொந்தச் சொத்து. நினைத்தால் கதவை மூடுவார், நீதிமன்றம் அதட்டினால் திறப்பார். மேடையில் மட்டும் சுதந்திர மென்பொருள் என்ற முழக்கத்துக்குக் குறைவில்லை.

போகட்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த பயம் வேறு. டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணையப் பெயர், யார் பெயரில் இருக்கிறது? கண்டுபிடிக்க எளிய வழி: ஆண்டுதோறும் டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். உங்களுக்கு வந்ததே இல்லை என்றால், அது பெரும்பாலும் தம்பியின் கணக்கில் இருக்கிறது. நீங்கள் கட்டிய வீட்டுக்குப் பத்திரம் மேஸ்திரியின் பெயரில் இருப்பதற்கு இது சமம். டிசைனர் என்றும் ஏஜென்சி என்றும் சொல்லிக்கொள்ளும் இடைத்தரகர்களில் எத்தனையோ பேருக்குப் பிழைப்பே இதுதான். வாடிக்கையாளர் விலகப் போகிறார் என்று தெரிந்த அன்றைக்குத்தான் டொமைனின் "விலை" வெளியே வரும். ரசீதை நீட்டினால், டொமைனைப் பதிவு செய்து தரும் பதிவு நிறுவனம் அசையாது. கணக்கு யாருடையதோ அவரோடுதான் பேசும். டாட் இன் (.in) பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் நடுவர் முறை இருக்கிறது. ஆனால் அங்கே வணிகப்பெயர் உரிமையை நிரூபித்தாக வேண்டும். பெயரைப் பதிவே செய்யாத சிறு வியாபாரிக்கு அது எளிதில் எட்டாத வாசல். முறையை எழுதியவர்கள் கடை வைத்துப் பார்த்தவர்கள் அல்லர்.

ஆகவே, 60,000 ரூபாய் பேச்சுக்குப் பதில் சொல்லாமல், முதலில் இதைக் கேளுங்கள்: "பதிவு நிறுவனத்தில் என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறேன், டொமைனை அதற்கு மாற்றிக்கொடுங்கள்." ஒரே பதிவு நிறுவனத்துக்குள் என்றால் மிக எளிய வேலை. வேறு நிறுவனத்துக்கு என்றால் டிரான்ஸ்ஃபர் குறியீடு ஒன்றைத் தருவார். ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல், வேர்ட்பிரஸின் நிர்வாகக் கடவுச்சொல் ஆகியவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

பேக்கப் கேட்டால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்பி "எல்லாம் இதில் இருக்கிறது" என்பார்கள். இல்லை. வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து இருக்கும். படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள்தான் இருக்கும். பழைய தளத்தை அணைத்த மறுநாள் உங்கள் போர்வைப் படங்கள் ஒன்றும் மிஞ்சாது. எழுத்து இருக்கும் டேட்டாபேஸ், படங்கள் இருக்கும் டபிள்யூபி-கன்டென்ட் என்ற ஃபோல்டர், இவை இரண்டும் சேர்ந்ததுதான் பேக்கப். இரண்டையும் உங்கள் கணினியில் இறக்கி, கோப்பின் அளவைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் படம் உள்ள கடையின் பேக்கப் இரண்டு எம்பி என்றால் திருப்பி அனுப்புங்கள்.

கட்டணப் பிளகினை இலவசமாகப் போட்டுத் தந்ததாகத் தம்பி பெருமைப்பட்டால் அதையும் அகற்றச் சொல்லுங்கள். திருட்டுப் பிரதிகளில், தளத்துக்குள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்து அனுப்புவது வழக்கம்.

டொமைன் உங்கள் கணக்குக்கு வந்த அன்றே ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். தொடர்பு மின்னஞ்சலாகக் கடையில் தினமும் திறந்து பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். வேலைக்கு வரும் பையனுடையதைக் கொடுக்காதீர்கள்.