அந்தி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மார்ச் மூன்றாவது வாரம் காலண்டரில் அஸ்தமனம் 6.20 என்று போட்டிருக்கிறார்கள். கம்பத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தோப்பில் 5.50-க்கே சூரியன் மறைந்துவிடுகிறது. காலண்டர் போடுகிறவர்கள் எங்கள் ஊரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரர்களுக்கு அந்தி, எங்களுக்கு நேராக இருட்டு. சரிதானே? (வாசகர், கம்பம்)

பதில்: சரியில்லை. காலண்டர் உங்கள் ஊரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது மட்டும் உண்மை, அதுவும் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. 6.20 என்பது சென்னைக்கு உரிய நேரம். கம்பம் சென்னைக்கு மேற்கே சுமார் 3 டிகிரி தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 12 நிமிடம். ஆகவே மார்ச்சில் உங்கள் ஊர் அஸ்தமனம் 6.32. நீங்கள் 'மறைந்துவிட்டது' என்று வீட்டுக்குக் கிளம்பும்போது சூரியன் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. நடுவில் மலை நிற்கிறது, அவ்வளவுதான்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்த உயரத்தைச் சூரியன் இறங்கிக் கடக்க நம் பக்கத்தில் சுமார் 40 நிமிடம் ஆகும். உங்கள் தோப்பிலிருந்து பார்த்தால் மலை ஒரு முஷ்டி உயரம் இருக்கும் என்பதை, இங்கே உட்கார்ந்தபடியே உங்கள் 5.50-ஐ வைத்துச் சொல்லிவிடலாம்.

உங்களை ஏமாற்றியது மலை நிழல். அதை அந்தி என்று சொல்லாதீர்கள். அந்தி என்பது சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகு வருவது. நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் மீது அப்போதும் வெயில் விழுகிறது. அந்தக் காற்று சிதறடித்து அனுப்புகிற வெளிச்சம்தான் அந்தி. ஒரு மலை அதை மறைக்க முடியாது, அது வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. சூரியன் 6 டிகிரி இறங்கும்வரை, அதாவது சுமார் 6.53 வரை, விளக்கில்லாமல் வரப்பில் நடக்கலாம். கடைசிச் சாயமும் போக 18 டிகிரி இறங்க வேண்டும், மணி 7.40 தாண்டிவிடும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் அந்த 18 டிகிரியைத் தொடுவதே இல்லை, இரவு முழுக்க அந்தியின் மிச்சம் இருக்கும். நமக்குச் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் எல்லாம் சீக்கிரம் முடிகிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் குமுளிக்காரருக்கும் இதே கணக்குதான். மலையாளத்தில் இந்த நேரத்துக்கு மூவந்தி என்று ஒரு பெயர் உண்டு. எவ்வளவு அழகான சொல்! அந்தச் சொல்லுக்காக வேண்டுமானால் அவர்கள்மேல் பொறாமைப்படுங்கள், வெளிச்சத்துக்காக வேண்டாம்.

உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது அதிகம். மேற்கையே பார்த்துக் குறைப்படுவதை விட்டுக் கிழக்கே திரும்புங்கள். உங்கள் தோப்பில் நிழல் விழுந்த பிறகும் மேகமலை மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கீழிருந்து நிழல் மெல்ல மெல்ல ஏறும். உச்சியில் கடைசி வெயில் அணைகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காலண்டரை விட அது உங்களுக்கு நெருக்கமான கணக்கு. அப்புறம், தூசியும் மேகமும் இல்லாத நாளாக இருந்தால், அந்த மலை விளிம்புக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். அதற்குக் கீழே சாம்பல் கலந்த நீலம் எழுந்து வரும். அந்த நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கிற இந்த உருண்டையின் நிழலே காற்றின் மேல் விழுந்து கண்ணுக்குத் தெரிகிறது. இதைப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். தலைக்கு நேர் மேலே அந்த நேரத்து ஆழ்ந்த நீலத்துக்குப் பெருங்காரணம் ஓசோன். சாய்ந்து வரும் வெயில் ஓசோன் படலத்தில் நெடுந்தூரம் பயணப்படுகிறது, வழியில் அதன் மஞ்சளையும் ஆரஞ்சையும் ஓசோன் உறிஞ்சிக்கொள்கிறது.

காலண்டரைக் கிழித்துப் போட வேண்டாம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் 12 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பம் சென்னைக்குத் தெற்கேயும் தள்ளி இருப்பதால் மற்ற மாதங்களில் இது மாறும்: டிசம்பர் கடைசியில் 18, ஜூன் கடைசியில் 6.