அலர்ஜி நாய்க்கு எந்த மருந்து? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மார்த்தாண்டம் பக்கம் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவிலும் காற்றில் ஈரம் குறையாது. தோல் அலர்ஜி உள்ள நாய்க்கு இங்கே ஓய்வே கிடையாது. சொறி பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொன்னேன், குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நாயைப் பார்க்காமல் டோஸ் சொல்ல மாட்டேன், அதை மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): டாக்டர், என் லேப்ரடாருக்கு நாலு வயது. மழை தொடங்கினால் பாதத்தை நக்கும், அக்குளைச் சொறிந்து ரணமாக்கும், காதும் நாறும். ஊசி போட்டால் மூன்று வாரம் சும்மா இருக்கும், பிறகு பழையபடி. முழுசாக மாற மருந்து உண்டா?

பதில்: முழுசாக மாறாது சார். பாதம், அக்குள், காது, முகம், அடிவயிறு, இந்த இடங்களில் அரிப்பு, அதுவும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கியது என்றால் முதலில் சந்தேகப்படுவது அட்டோபி. தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் மாதிரி சுற்றுப்புறத்தில் இருப்பவற்றை உடம்பு ஏற்காமல் போவது. சர்க்கரை நோய் போல ஆயுள் முழுக்க சமாளிக்க வேண்டியது. காது நாற்றம் தனி நோய் இல்லை, அதே அலர்ஜியின் இன்னொரு முகம். காதுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதத்தில் திரும்ப வரும்.

அந்த ஊசி என்ன என்று அட்டையில் பாருங்கள். நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு என்றால் அதை மாதாமாதம் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மாத்திரை என்றால் பின்விளைவு தெரிந்ததும் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தலாம், உடம்புக்குள் போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, வீட்டுக்குள் மூத்திரம் போகிறதா, எப்போதும் பசி பசி என்று அலைகிறதா? இவையெல்லாம் ஸ்டீராய்டின் வேலை. வருடக்கணக்கில் போனால் தோல் மெலியும், வயிறு தொங்கும், சர்க்கரை நோய்கூட வரலாம்.

மருந்தை மாற்றுவதற்கு முன் ரணத்தில் கண்ணாடித் துண்டை ஒற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். சொறிந்த தோலில் பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்டும் ஏறிவிடும், அவையே பாதி அரிப்புக்குக் காரணமாக இருக்கும். அதை ஆற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த அலர்ஜி மாத்திரை கொடுத்தாலும் ‘கேட்கவில்லை’ என்றுதான் திரும்ப வருவீர்கள்.

கேள்வி (தக்கலை): வாலுக்கு மேலே முதுகில்தான் கடித்துக் கடித்து முடியெல்லாம் போய்விட்டது. ஆனால் தெள்ளு ஒன்றுகூட இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பதில்: அந்த இடம் என்றால் தெள்ளு இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன் அக்கா. தெள்ளின் எச்சிலுக்கு அலர்ஜி உள்ள நாய்க்கு நாலைந்து கடி போதும், கடித்த தெள்ளையும் அது மென்று விழுங்கிவிடும், நீங்கள் தேடும்போது எங்கே இருக்கும்? நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள், பூனை செத்தே போகும்.

கேள்வி (குளச்சல்): உணவு அலர்ஜியாக இருக்கலாம், மீனை நிறுத்து என்கிறார்கள். சாளை இல்லாமல் சோற்றை மோந்துகூடப் பார்க்காது. என்ன செய்ய?

பதில்: மீனை மட்டும் நிறுத்துவதால் ஒன்றும் தெரியாது. நாய்களில் அடிக்கடி சிக்குவது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. உங்கள் நாய் கோழிக் கழிவு, பிஸ்கட், பால் எல்லாம் தின்றிருக்கும், அதையெல்லாம் விட்டுவிட்டு பாவம் சாளை மேல் ஏன் பழி?

சோதனை இப்படி. நாய் பிறந்ததிலிருந்து தின்னாத ஒரு இறைச்சி, தின்னாத ஒரு மாவுச்சத்து, இவை மட்டும் எட்டு வாரம். நம் பக்கம் முயல் அல்லது பன்றி கிடைக்கும், அதோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வேண்டாம், இங்கே மரச்சீனி தின்னாத நாய் எது? இல்லையென்றால் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த ஹைட்ரோலைஸ்டு தீவனம் இருக்கிறது, விலை அதிகம் ஆனால் வேலை மிச்சம், வளரும் குட்டிக்கு அதுதான் சரி, ஏனென்றால் கிழங்கும் இறைச்சியும் மட்டும் குட்டிக்குப் போதாது. எட்டு வாரத்துக்கும் வேறெதுவும் கூடாது. பிஸ்கட், எலும்பு, இறைச்சி ருசி சேர்த்த மாத்திரை எதுவும். பக்கத்து வீட்டுப் பாட்டி மதிலுக்கு மேலே எறியும் மீன்தலையும் கணக்கில் வரும், அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி சோதனை அங்கேதான் தோற்கிறது. அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள், இரண்டு வாரத்துக்குள் சொறி வந்தால்தான் உணவு அலர்ஜி என்று உறுதி. பலர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதே இல்லை.

கேள்வி (கன்னியாகுமரி): ரத்தம் எடுத்து அலர்ஜி பட்டியல் தருகிறார்களே, அது செய்துவிட்டால் போதாதா?

பதில்: உணவுக்கு அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம், காசு வீண். தூசிப்பூச்சி, மகரந்தம் வகையறாவுக்கு, அலர்ஜி தடுப்பூசி தொடங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள். அந்த ஊசியின் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும், எல்லா நாய்க்கும் கேட்காது, கேட்டால் அதைப்போல நல்லது வேறில்லை.

கேள்வி (குலசேகரம்): பிரெட்னிசலோன், ஓக்லாசிட்டினிப், சைக்ளோஸ்போரின், புதிதாக வந்த மாத ஊசி. எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன்.

பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரை, மலிவு, வேகம், எங்கேயும் கிடைக்கும். அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது சில நாள் கொடுத்து இறக்குவதில் தவறில்லை. அதோடு மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் வரும், கவனம். நாள்கணக்கில் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ஓக்லாசிட்டினிப் மாத்திரை ஒரே நாளில் அரிப்பை அடக்கும், தாகம், பசித் தொல்லை இல்லை. முதல் இரண்டு வாரம் வரை இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிக்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கிடையாது. இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும். நாயின் எடைக்குத்தான் விலை, ஷிட்சு வீட்டுக்காரர் சமாளிப்பார், நாற்பது கிலோ ராட்வீலர் வீட்டுக்காரர் திணறுவார்.

மாத ஊசி என்பது லோகிவெட்மாப். அரிப்பைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிறது, ஒரு ஊசி நாலு முதல் எட்டு வாரம் வரும். மாத்திரையைத் துப்பும் நாய்க்கும், கல்லீரல், சிறுநீரகம் பழுதான கிழட்டு நாய்க்கும் என் முதல் தேர்வு இதுதான். குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சைக்ளோஸ்போரின் நல்ல மருந்து, ஆனால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், தொடக்கத்தில் வாந்தி இருக்கும்.

உங்கள் நாய்க்கு எது என்று கேட்டால், நீங்கள் மூன்று வருடம் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அது. இரண்டு மாதம் விலை உயர்ந்த மாத்திரை கொடுத்துவிட்டு, செலவு கையைக் கடித்ததும் நிறுத்தி, அப்புறம் மெடிக்கல் கடையில் கேட்டு ஏதோ களிம்பு தடவுகிற வீடுகளில்தான் நாய் அதிகம் கஷ்டப்படுகிறது.

கேள்வி (திருவட்டாறு): எங்கள் நாய்க்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தேய்க்கிறோம். தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். கற்பூரம் நாய்க்கு விஷம், தடவியதை நக்காமல் இருக்காது. வெறும் தேங்காய் எண்ணெயும் பிசுபிசுத்த, நாறுகிற தோலில் வேண்டாம், ஈஸ்டுக்குக் கொழுப்பு என்றால் கொண்டாட்டம்.

கேள்வி (ராஜாக்கமங்கலம்): வாரம் ஒருமுறை சொத்தவிளை கடலில் குளிப்பாட்டுகிறேன். உப்புத் தண்ணீர் சொறிக்கு நல்லதுதானே?

பதில்: ஓடி விளையாடட்டும், ஆனால் வைத்தியமாக நினைக்காதீர்கள். உப்பும் மணலும் விரலிடுக்கில் தங்கினால் இன்னும் நக்கும். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி விரலிடுக்குவரை துடையுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூ வாரம் இரண்டு முறை போட்டால் பலன் தெரியும், நுரை பத்து நிமிடம் உடம்பில் நிற்க வேண்டும். போட்டதும் கழுவினால் ஷாம்பூ வடிகாலுக்குத்தான்.

கேள்வி (இரணியல்): நாம் போடும் அலர்ஜி மாத்திரை செட்டிரிசின் கொடுக்கலாமா?

பதில்: லேசான அரிப்புக்குச் சில நாய்களில் கேட்கும், பெரும்பாலும் கேட்காது. மூக்கடைப்பு மருந்து கலந்த கூட்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து.

கேள்வி (அருமனை): தெருவிலிருந்து எடுத்த குட்டி. காது ஓரம், முழங்கையெல்லாம் பொருக்கு. இப்போது எனக்கும் கையில் அரிக்கிறது.

பதில்: அலர்ஜி உங்களுக்குத் தொற்றாது தம்பி, இது சொறிப்பூச்சி. தோலைச் சுரண்டிப் பார்க்கட்டும், கிடைக்காவிட்டாலும் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து கொடுப்போம். ஃப்ளூரலனர், அஃபாக்சொலனர் வகை மாத்திரைகள் நன்றாகக் கேட்கும், வலிப்பு வந்த நாய் என்றால் முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் கைக்கு மனித டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (கருங்கல்): பென்ஷனில் ஓடும் வீடு. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் நாய்க்குச் செலவழிக்க முடியாது. நாட்டு நாய், பதினைந்து கிலோ, ஆறு வயது.

பதில்: அம்மா, இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. தெள்ளு மருந்தைத் தவறாமல் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மேலே சொன்ன ஷாம்பூவும் வேண்டும். பாயையும் துணியையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், தூசிப்பூச்சி குறையும். இவ்வளவும் செய்தும் அரித்தால், அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டி, மிகக் குறைந்த அளவு பிரெட்னிசலோன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஷாம்பூ ஒழுங்காகப் போகும் நாய்க்கு மாத்திரை கொஞ்சமாகத்தான் தேவைப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூத்திரமும் ரத்தமும் பாருங்கள். நாட்டு நாய்க்கு இது பாவம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், இரவெல்லாம் சொறிவதுதான் அதற்குப் பெரிய பாவம்.

கேள்வி (கொல்லங்கோடு): நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினால் சாப்பிடவே மாட்டேன் என்கிறது.

பதில்: சாப்பிடும்போது கழற்றுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், தட்டு காலியானதும் மாட்டிவிடுங்கள்.